மேற்படி

கருக்காலம், நாள் 160. காலை 07:10
செவ்வாய், இரண்டாம் குவிமாடம். பதிவு எழுதுபவர் சவரிராயன், கால்நடை மருத்துவர். குதிரை: செவலை, வயது ஒன்பது. தளம் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். தொற்றுக்குப் பயந்து எங்கள் இருவரையும் தனியே வைத்திருக்கிறார்கள். குறைந்த ஈர்ப்பில் இவள் கரு ஒழுங்காக வளர்ந்தால்தான், தளத்தில் உள்ளவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்ள பூமி அனுமதி தரும். ஸ்கேன் எடுத்தேன். குட்டியின் துடிப்பு 112. எலும்பு வளர்ச்சி சரி. செவலை வைக்கோலை விட்டுவிட்டு என் சட்டைக் காலரைத் தின்னப் பார்த்தாள்.

நாள் 171. காலை 07:25
ஸ்கேன் எடுக்கையில் உதைத்தாள். வலது முழங்கால் வீங்கிவிட்டது. அவள் பின்பக்கம் போகவே பயமாக இருக்கிறது. இன்று மட்டும், துடிப்புக்கும் எலும்புக்கும் நேரே 'மேற்படி' என்று போட்டேன்.

நாள் 196. காலை 08:00
இருபத்தைந்து நாளாக ஸ்கேன் இல்லை. நாளாக நாளாகத் துடிப்பு குறைய வேண்டும் என்று நினைவு வந்ததும், புத்தகத்தைப் பார்த்து இரண்டிரண்டாகக் குறைத்து எழுதினேன். எலும்புக்கு மேற்படி. வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. இப்போது உதைக்குப் பயமில்லை. உண்மை வேறாக இருந்தால் மாட்டிக்கொள்வேனே என்றுதான் பயம்.
தளத்திலிருந்து: "உங்க ரிப்போர்ட்டப் பாத்து பூமியில ஓகே சொல்லிட்டாங்க டாக்டர்! வாழ்த்துகள்!"
நன்றி என்று பதில் அனுப்பினேன். வெட்கங்கெட்டவன்.

நாள் 239. காலை 06:50
தளத்தின் குழாய்ப் பொறியாளர் அங்கயற்கண்ணி பேசினாள். "டாக்டரண்ணே, மொதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன். முழுகாம இருக்கேன். எல்லாம் உங்க செவலையாலதான்."
இணைப்பை அணைத்தேன். ஸ்கேன் எடுத்தேன். செவலை உதைக்கவில்லை, அசையாமல் நின்றாள்.
துடிப்பு நன்றாக இருக்கிறது. கால் எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடம் வெறும் சாம்பல். நான்கு காலும். நூற்று எண்பதாம் நாளில் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அனுமதிக்கு முன்பே.

நாள் 239. காலை 07:40
அறிக்கை அனுப்பியாயிற்று. எலும்பு: மேற்படி.

நாள் 312. மாலை 17:30
கருவின் எலும்பு கெட்டிப்பட மருந்து இருக்கிறது. செவலைக்குக் காலம் கடந்துவிட்டது. அங்கயற்கண்ணிக்கு ஐந்தாம் மாதம் முடிவதற்குள் தொடங்க வேண்டும். அதற்கு நான் வாயைத் திறக்க வேண்டும். பத்துத் தடவை எழுதினேன், பத்துத் தடவையும் அழித்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இன்னும் மூன்று வாரம் மிச்சம்.

நாள் 326. பகல் 14:05
கை சும்மா இல்லை. சொல்லச் சொல்லப் பதிவாகட்டும். செவலை ஈன்றுவிட்டாள். ஆண் குட்டி. மூச்சு இருக்கிறது, கண் திறந்திருக்கிறான். கால்கள் ஈரத்துணி போலத் தொய்கின்றன. தளமே கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறது; என் பக்க மைக்கை அணைத்து வைத்திருக்கிறேன்.
"டாக்டரண்ணே, ஏன் படுத்தே கெடக்கான்? தூக்கி விடுங்கண்ணே, நான் பாக்கணும்!"
அங்கயற்கண்ணிதான். இப்போது சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும்.

பகல் 14:09
கேமராவுக்குக் கை தெரியாதபடி குட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, வயிற்றடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். இங்கே எடை குறைவு, சுலபமாக வந்தான். குளம்புகள் தரையைத் தொடுகின்றன. கேமராவில் நிற்கிற மாதிரிதான் தெரியும்.
"நின்னுட்டான்! அண்ணே, நின்னுட்டான்!" அங்கயற்கண்ணி அழுகிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள்.
இன்னும் தட்டுகிறார்கள். என்னால் கையை எடுக்க முடியவில்லை.