பின்வாசல் வழி

24-3-2020, செவ்வாய்
செவ்வாய்க்கிழமை சலூனுக்கு எப்போதும் லீவுதான். அதனால் ஊரடங்கு இன்று தொடங்கியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கத்தரிகளுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன்.

9-4
தறியும் நின்றுவிட்டது. செல்விக்கும் வேலை இல்லை. கல்யாணமான இருபது வருஷத்தில் இரண்டு பேரும் பகலில் ஒன்றாக வீட்டில் இருப்பது இப்போதுதான். பேச ஒன்றும் இல்லை.

12-4, ஞாயிறு
ரைஸ் மில் சண்முகையா அண்ணாச்சி போன் பண்ணினார். பதினாலு வருஷமாக ஞாயிறு காலை கடையில் முதல் ஆள் அவர்தான். "வீட்டுக்கு வந்து வெட்டிட்டுப் போயேன் வே. பின்பக்கமா வா, முன்னால போலீஸ் நிக்கான்."
அப்பா முடி வெட்ட வீடு வீடாகப் போனவர். பின்வாசல் வழியாகத்தான். அது வேண்டாமென்றுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டேன்.
"பாப்போம் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டேன்.

19-4
போனேன்.
மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டிருந்தார். கடையில் என் தோளில் கைபோட்டுப் பேசுகிற மனுஷன். வெட்டி முடித்ததும், "முடியை அள்ளிட்டு, தண்ணி ஊத்திக் கழுவி விட்டுரு" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பேப்பர் கப்பில் வந்தது. "கொரோனால்லா?" என்றார்.
கொரோனாதான். இருக்கட்டும்.

3-5
இந்த வாரம் ஐந்து வீடு. எல்லாம் அண்ணாச்சியின் சொந்தக்காரர்கள். ஐந்தும் பின்வாசல்.
"எங்கன போயிட்டு வாரீய?" என்று செல்வி கேட்டாள். வேலைக்கு என்றேன். பொய் இல்லையே?

24-5
கடை திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். காலையிலேயே அண்ணாச்சி போன். "பழகிட்டுல்லா வே, வீட்டுக்கே வந்துரு."
"இல்ல அண்ணாச்சி. கடை திறந்துட்டேன். நீங்க வாங்க."
வைத்துவிட்டார்.

14-6
ஐந்து வீட்டு ஆட்களும் வரவில்லை. பைக்கில் வீட்டுக்கே வந்து வெட்டுகிற ஒருவனை ஏற்பாடு பண்ணிக்கொண்டார்களாம். பெஞ்சு பாதி காலி.
அன்றைக்கு நான் போனில் பேசியதைக் கேட்டிருந்த செல்வி, "யோசிச்சுப் பேசியிருக்கலாம்" என்றாள்.
யோசித்திருந்தால் போயிருப்பேன்.

15-7
மத்தியானம் மன்சூர் அலி வந்தான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். கொரோனாக்காரர்களை ஏற்றி இறக்குகிறான் என்று இரண்டு கடையில் உள்ளே விடவில்லையாம். வாசலிலேயே நின்றான்.
"அண்ணே, பின்னால சந்துல உக்காந்துக்கிடுதேன். அங்கன வச்சு வெட்டி விடுங்க."
செல்விக்கு மூச்சிரைப்பு உண்டு. அதைத்தான் முதலில் நினைத்தேன். சந்தில் போட ஸ்டூலை எடுத்தும்விட்டேன்— பிறகு கீழே வைத்தேன்.
"சேர்ல உக்காரு மக்கா."
பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவன் காதுக்குப் பின்னால் மாஸ்க் நாடா அறுத்துப் புண்ணாகியிருந்தது. அது படாமல் வெட்ட நேரமானது.
வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, செல்வியிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் என் பாயை எடுத்து வெளி அறையில் போட்டாள். பதினாலு நாளைக்கு அங்கேதான்.
கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து கேட்டாள். "மாஸ்க்குக்குள்ள வேர்த்து அரிக்குமே, அந்தத் தம்பிக்குத் தாடியும் எடுத்து விட்டீயளா?"