காத்தாயிக்குத் தொழில் சிகிச்சை

ஜூன் 3, திங்கள்
விடியற்காலை முதல் மழை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகல். ஒன்றுக்கு வாளி, ஒன்றுக்குச் சட்டி. ஐந்து வகுப்பு, ஒரே அறை, நான் ஒருத்தி.

பத்து மணிக்குக் கண்டியிலிருந்து ஆஸ்பத்திரி நோனா, சிங்கள அம்மா. காத்தாயியைப் பார்க்க. ஒன்பது வயது, இளம்பிள்ளை வாதத்தில் வலது கை துவண்டவள். தோட்டத்து மருந்துச்சாலைக்குத் தனியே கூட்டிப்போய்ப் பழக்குவார், எனக்கு ஒரு தொல்லை குறையும் என்றிருந்தேன். இல்லையாம். வகுப்பிலேயே, மற்றப் பிள்ளைகளோடு, தினமும், நான் செய்ய வேண்டுமாம். நோனா மாதம் ஒரு முறை வருவாராம். கூட வந்த மருந்துச்சாலை டிஸ்பென்சர் ஐயா மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே மொழிபெயர்த்தார். அருவருப்பு. இதற்குப் பெயர் ஆக்குபேஷனல் தெரபியாம், தமிழில் தொழில் சிகிச்சை என்றார்.

செய்ய வேண்டியவை: சிலேட்டுக் குச்சியில் துணி சுற்றித் தடிப்பாக்க. சிலேட்டு அசையாமல் மேசையோடு கட்ட. வலது கைதான் எழுத வேண்டும், இடது உதவிக்கு மட்டும்.

ஜூன் 6, வியாழன்
தூறல். சோக்கட்டி தீர்ந்தது.
காத்தாயி ‘கா’ போட்டாள். கோணல்மாணல்தான், ஆனால் வலது கையால். சந்தோஷமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அவள் அம்மா ராமாயி அடிக்கடி பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடுகிறாள். துண்டுக் கடிதம் எழுதி அனுப்பினேன்: “காத்தாயிக்குத் தினமும் தவறாமல் தொழில் சிகிச்சை கொடுக்க வேண்டும்.” ராமாயிக்கு வாசிக்கத் தெரியாது. காலைப் பெரட்டில், எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையிடம் காட்டுவாள்.

ஜூன் 10, திங்கள்
காத்தாயி வரவில்லை. எனக்குத் தடிமன், ஒரே சளி.

ஜூன் 12, புதன்
இன்றும் இல்லை. பேக்டரியில் இருக்கிறாளாம், பிள்ளைகள் சொன்னார்கள். தேயிலைத் தூளில் குச்சி பொறுக்கும் வேலை. வழியில் கணக்கப்பிள்ளையை நிறுத்திக் கேட்டேன்.

“தொழில் குடுக்கணும்னு நீங்கதான டீச்சர் எழுதியிருந்தீங்க. குடுத்துட்டோம்.”

பேர் பதியவில்லையாம், கூலியும் இல்லையாம். வைத்தியம்தானே, எதற்குப் பதிவது என்கிறார். வெற்றிலைப் பல் தெரியச் சிரிப்பு வேறு. அருவருப்பு. அந்த ஆள்மேல் மட்டுமா? சீ, அந்தச் சொல்லை எழுதியவள் நான்.

ஜூன் 13, வியாழன்
புதுக் கடிதம். ‘தொழில்’ என்ற சொல்லே இல்லாமல். ‘கைப்பயிற்சி’ என்று எழுதி, நானே கொண்டுபோய்க் கணக்கப்பிள்ளையிடம் நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

“கைக்குப் பயிற்சி. அதத்தான டீச்சர் இங்க குடுக்கறோம்.”

ராமாயியும் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மகள் கை சரியாகிறது என்று நம்புகிறாள்.

ஜூன் 14, வெள்ளி
மழை விட்டது. பள்ளி விட்டதும் நேரே பேக்டரி. தூசி, மூக்கெல்லாம் தூள். பெண்கள் வரிசையில் கடைசியாகக் காத்தாயி. முன்னால் ஒரு குவியல். இடது கை கோழி கொத்துகிற மாதிரி ஓடுகிறது. வலது கையைக் காணோம். எங்கே என்றேன். போர்வையை விலக்கிக் காட்டினாள். பழைய சேலைக் கிழிசலால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது.

“குறுக்க வருதுன்னு அம்மா கட்டிவிட்டுச்சு டீச்சர். இப்ப வெரசாப் பொறுக்குறேன்.”

முடிச்சை அவிழ்த்தேன். கை தொப்பென்று குவியல்மேல் விழுந்தது. அவள் அதை இடது கையால் தூக்கி மடியில் போட்டுவிட்டு, மறுபடி குச்சி பொறுக்கத் தொடங்கினாள்.