ஆஸ்பத்திரி சீல் கேட்டு வந்தவர்

அக்கா,

நேற்று காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கையில் தேய்த்ததும் நீ வந்து நின்றுவிட்டாய். தர்மபுரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடிந்து காரிமங்கலத்தில் பஸ் இறங்கி வரும்போது உன் வெள்ளைப் புடவையில் அந்த வாசனைதான் இருக்கும். எனக்குச் சோறு போடும் கையிலும் இருக்கும். அதோடு சேர்ந்து இன்னொரு மனிதரின் முகமும் எழுந்து வருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்துப்போன ஒரு வருடம். நான் பி.காம். முடித்திருந்தேன். மூன்றாம் வகுப்பு, அதுவும் சில பாடங்களை மறுபடி மறுபடி எழுதிக் கரையேறியது. அதற்குச் சோகக் கதை ஒன்றும் கிடையாது. சேலத்தில் ஹாஸ்டல், சுற்றிலும் சினிமாக் கொட்டகைகள். படிக்கவில்லை, அவ்வளவுதான். அப்பா போன பிறகு வீடும் என் படிப்பும் உன் சம்பளத்தில்தான் ஓடின. அப்படியிருக்க, எம்.பி.ஏ. படிக்கிறேன் என்று நான் சொன்னபோது நீ கோபப்படவில்லை. "இந்த மார்க்குக்கு எவன்டா சீட்டு குடுப்பான்?" என்று மட்டும் கேட்டாய்.

வாங்கித் தருகிறவர் ஒருவர் சேலத்தில் இருப்பதாக ஹாஸ்டல் நண்பன் சொன்னான். மாடியில் ஓர் அறை. பகலிலும் ஜன்னல்கள் மூடியே இருந்தன. அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஒரிஜினல் எல்லாம் இங்கயே இருக்கட்டும் தம்பி. ஃபீஸெல்லாம் சீட்டு கெடைச்சப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி, இரும்பு பீரோவைத் திறந்து என் சான்றிதழ்களை உள்ளே வைத்தார். அங்கே அதுபோல அடுக்கடுக்காக உறைகள் இருந்தன. அவ்வளவு பேர் நம்பியிருக்கிறார்கள் என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த உன் கை நின்றுவிட்டது.

"மார்க்கு ஏன் கம்மின்னு கேக்கவே இல்லியா?"

"இல்லக்கா. ரொம்ப நல்ல மாதிரி."

"கேக்காதவன் நல்ல மாதிரியா? மாடு வாங்க வர்றவன்கூட பல்லப் புடிச்சுப் பாப்பான்டா."

அடுத்த சந்தை நாளில் அவரே நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். வரச் சொன்னவர் யாருமில்லை. அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ரொம்ப மரியாதையாக உன்னிடம் பேசினார்.

"தம்பி மார்க்குக்கு ஒரு காரணம் வேணுங்க சிஸ்டர். மஞ்சக்காமாலை, டைபாய்டு, ஏதோ ஒண்ணு. உங்க ஆஸ்பத்திரில படுத்திருந்தான்னு ஒரு சர்ட்டிபிகேட் இருந்தா காரியம் முடிஞ்சிரும்."

"அவன் ஒருநாளும் ஆஸ்பத்திரில படுத்தவன் இல்லீங்க."

அவர் சிரித்தார். "இவனுக்கு மட்டும் இல்லீங்க. இன்னும் பசங்க இருக்காங்க. லெட்டர் பேப்பரும் சீலும் கெடைச்சா போதும், மத்தத நான் பாத்துக்கறேன். சீல் எந்த ரூம்ல வெப்பாங்க?"

நீ முடியாது என்றாய். அவர் வாதாடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரிஜினல் எங்கிட்ட பத்திரமா இருக்குதுங்க. அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 'பத்திரமா' என்ற சொல் மிரட்டலாகவும் இருக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்புக்கூட எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார். நோயாளிகள் வரிசைக்கு அருகில் நிற்பார். பேச மாட்டார். நீ நிமிர்ந்து பார்த்தால் லேசாகத் தலையை ஆட்டுவார். நீ சரியாகச் சாப்பிடாமல் போனாய். டாக்டர் அறை மேசை டிராயரைத் திறந்து சீல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவதாகச் சொன்னாய். அம்மா தாங்க முடியாமல், "ஒரு தாளுதானே, குடுத்துத் தொலையேன்" என்றாள்.

"ஒரு தாள் குடுத்தா அடுத்த மாசமும் வருவாம்மா. அதக் காட்டியே என்னை மெரட்டுவான்."

மறுநாள் யூனிஃபார்மிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு பஸ் ஏறினாய். தொப்பூர்க் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தபோதும் நீ மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த மாடியறை நிறையப் பையன்களும் அவர்களுடைய அப்பாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். நீ நடுவில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாய்.

"என் தம்பி சர்ட்டிபிகேட்ட குடுங்க."

"உள்ள வாங்க சிஸ்டர், பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாங்க. ஆஸ்பத்திரி சீல் திருடிட்டு வந்து குடுக்க என்னால ஆகாது. சர்ட்டிபிகேட் குடுத்தா நாங்க போயிட்டே இருப்போம்."

ஓரத்தில் இருந்த விவசாயி ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப எம் பையனுதையும் குடுத்துருங்க சார்." அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். சீட்டு வாங்கித் தருகிறவர் பீரோவைத் திறந்தார். என் உறையை உன்னிடம் நீட்டும்போதும் அதே மென்மையான குரல்தான்: "ஒரே எடத்துல ரொம்ப வருஷமா இருக்கீங்க போல. மாத்தல் வந்தா நல்லதுங்க சிஸ்டர்."

கொஞ்ச நாளில் அந்த அறை பூட்டிக் கிடந்தது. அன்று சான்றிதழைக் கேட்டு வாங்காதவர்கள் படிக்கட்டில் நின்று அழுததாக நண்பன் சொன்னான். உன்மேல் ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது, ஆஸ்பத்திரி மருந்தை வெளியில் விற்கிறாய் என்று. விசாரித்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனாலும் மாற்றல் உத்தரவு வந்தது. மலையடிவாரத்தில், காலையும் மாலையும் மட்டும் பஸ் போகும் ஒரு சுகாதார நிலையத்துக்கு. அது அவர் வேலைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்குள் மெட்ராஸில் ஒரு கல்லூரிக்கு நானாகவே விண்ணப்பித்திருந்தேன். எப்படியோ நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீ புது இடத்துக்குக் கிளம்பிய நாளும் நான் மெட்ராஸ் கிளம்பிய நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் உன் டிரங்குப் பெட்டியை மலை பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டு இறங்கி வந்தேன். எல்லோரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன், "நீ தைரியசாலிக்கா." நீ என் காலரைச் சரிசெய்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாய்:

"பயமாத்தான்டா இருக்குது. சேலத்துக்குப் போனப்பவும் கை காலெல்லாம் நடுங்குச்சு. அதுக்குன்னு போவாம இருந்துட முடியுமா? நீ ஏறு, பஸ் எடுக்கப் போறான்."

மெட்ராஸில் முதல் கேள்வியே அதுதான்: மார்க் ஏன் இவ்வளவு குறைவு? "படிக்கலைங்க சார். வேற காரணம் இல்லை" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு வெகுநேரம் கேள்வி கேட்டார்கள். காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் என்னைப் போட்டார்கள். யாரோ ஒருவர் சேராமல் போக, எனக்கு இடம் கிடைத்தது. இந்த முறை எந்தப் பாடத்தையும் இரண்டாவது தடவை எழுதவில்லை.

நீ அந்த மலையடிவாரத்திலேயே ஓய்வு பெற்றாய். நீ கண்மூடிய பிறகு ஊரார் வந்து உன் தைரியத்தைப் பற்றித்தான் பேசினார்கள். என்னிடம் இருப்பதோ நீ பஸ் ஸ்டாண்டில் சொன்ன உன் பயம். எத்தனையோ கதவுகளுக்கு முன்னால் என் கால் நடுங்கியிருக்கிறது, அக்கா. நடுக்கத்தோடேயே உள்ளே போயிருக்கிறேன்.