என் வாய்க்குள் அடிக்காத டார்ச்

பரமத்தி வேலூர்
செவ்வாய்க்கிழமை, அஸருக்குப் பின்

அன்பு மகள் ஹஃப்சாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், அயர்லாந்துக் குளிரில் நீயும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நலம் என்று எழுதிவிட்டேன், ஆனால் என் இடது கன்னத்துக்குள் இரண்டு தையல் இருக்கிறது. பதறாதே, கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, வரிசையாகப் படி. கொஞ்ச நாளைக்கு அதிகம் பேசக் கூடாது, காரம் ஆகாது, கஞ்சிதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நெட் சரியில்லை என்று உன் அத்தா மூன்று நாளாக உன்னிடம் சொல்வது பொய். மனுஷன் இந்த அமைதியை நன்றாக அனுபவிக்கிறார். கடைக்குத் துணி எடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனவர் எனக்கு ஒரு நோட்டும் வாங்கி வந்து, இனி எதுவானாலும் இதிலேயே எழுதிக் காட்டு ஷாஜாதி, இருபது வருஷத்துக்கு முன்னாலேயே இந்த யோசனை வந்திருக்க வேண்டும் என்கிறார். தையல் பிரியட்டும், அவரை வைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் நாம் போனில் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா. நின்றுகொண்டே நூடுல்ஸ் தின்கிறாய், தைராய்டு மாத்திரையைப் பாதி நாள் மறக்கிறாய், ஒரு வார்டு முழுக்க மணி பார்த்து மாத்திரை கொடுக்கிற நர்ஸ் இப்படி இருக்கலாமா என்று கேட்டேன். அதற்கு நீ, என் வேலையை நான் ஒழுங்காகச் செய்கிறேனா என்பதுதான் நோயாளிக்கு வேண்டியது, வீட்டில் நான் எப்படி இருந்தால் அவர்களுக்கு என்னம்மா என்றாய். நான் உடனே, அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். எதற்கும் விட்டுக்கொடுக்காத அம்மா இதற்கு எப்படி மடங்கினாள் என்று நீ யோசித்திருப்பாய். அப்போது என் வாயில் வெற்றிலை இருந்தது, வெற்றிலையோடு புகையிலையும் இருந்தது. ஆமாம் ஹஃப்சா, ஜீரணத்துக்கு வெறும் வெற்றிலை என்று நீங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தது பொய். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் கடைவாய்ப் பல் வலித்தது, வலிக்கு ஒரு கிள்ளு வைத்துப் பாரு என்று யாரோ சொன்னார்கள், பல்லைப் பிடுங்கியாயிற்று, கிள்ளு மட்டும் போகவில்லை. இருபத்து மூன்று வருஷம். பொட்டலம் இருந்த இடம் என் டியூட்டிப் பை, பிரஷர் பார்க்கிற கருவிக்கு அடியில், டார்ச்சோடு ஒட்டிக்கொண்டு. அந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு மாதாமாதம் கொடிக்கால் கொடிக்காலாகப் போய், வெற்றிலை கிள்ளுகிற பெண்களை வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று பார்ப்பதும், புகையிலையை விடுங்கம்மா என்று சொல்வதும் என் வேலை. வேலையை நன்றாகத்தான் செய்தேன். என் வாய்க்குள் மட்டும் ஒரு தரம்கூட அடித்துப் பார்த்ததில்லை.

மாரக்காள் என்று ஒரு அம்மா இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர், ஆற்றங்கரைக் கொடிக்காலில் நாற்பது வருஷமாக வெற்றிலை கிள்ளுகிறவர். போன வருஷமே அவர் கன்னத்தில் வெள்ளைத் திட்டைப் பார்த்து, நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். போகவில்லை. பிறகும் இரண்டு தரம் எழுதினேன், போகவில்லை. போன மாதம் எனக்குப் பொறுக்கவில்லை, பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன், உயிர் மேல் ஆசை இல்லையா, படித்துப் படித்துச் சொல்கிறேனே என்று. அவர் கோபப்படவில்லை. கையை நீட்டி, ஏனுங்க நர்சம்மா, அந்த லைட்டை இப்படிக் குடுங்க சாமி, நீங்க ஒருக்கா வாயைத் தொறங்க, நானும் பாக்கறேன் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நான் போடுவது வெறும் வெற்றிலைதான் என்று சமாளித்தேன். அதற்கு அவர், பொழுதன்னிக்கும் இதுலயே கெடக்கறவ நானு, போயிலை வாசம் எனக்குத் தெரியாதுங்களா, நீங்க குனிஞ்சு பாக்கறப்பவெல்லாம் வருதுங்களே என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, நீங்க வந்தா நானும் வாரேனுங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் டார்ச்சை அடித்தேன். இடது கன்னத்தில், மாரக்காளுக்கு இருக்கிற அதே இடத்தில், அதே வெள்ளை. மூன்று மாதமாகக் காரம் பட்டால் எரிகிறது, அல்சர் என்று உன்னிடம் சொன்னேனே, அது அல்சர் இல்லை. அடுத்தவர் வாய் என்றால் அந்த நிமிஷமே சீட்டு எழுதியிருப்பேன், என் வாய் என்றதும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஈரோட்டில் தெரியாத டாக்டர் யாரிடமாவது சத்தமில்லாமல் காட்டிக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். ஆனால் நான் சத்தமில்லாமல் போனால் அந்த அம்மா ஒருநாளும் போகமாட்டார், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உன் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், பொட்டலத்தை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்து, எந்த பஸ்ஸுக்குப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகையாக வந்தது.

போன சனிக்கிழமை நானும் மாரக்காளும் நாமக்கல் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க என் டியூட்டிப் பையையே பார்த்துக்கொண்டு வந்தார், நம்பிக்கை இல்லை போலும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எதிரே வெற்றிலைக் கடை. ஏனுங்க சாமி, கடைசியா ஒன்னே ஒன்னு போட்டுக்கலாங்களா என்றார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் போட்ட நான், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன், உன்னிடம் மறைப்பானேன். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள்ளிருந்த பெண், நர்சம்மா சவுக்கியங்களா, எனக்குப் பிரசவம் பாத்தீங்களே என்று எழுந்து வந்துவிட்டாள். சவுக்கியம் என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாக ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். அங்கே பல் டாக்டர் ஒரு சின்னப் பெண், உன்னைவிட இளையவள், சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள். புகையிலை உண்டா, உண்டு. எத்தனை வருஷம், இருபத்து மூன்று. என்ன வேலை. வீட்டு வேலை என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது ஹஃப்சா. பக்கத்திலிருந்து மாரக்காள், எங்கூரு நர்சம்மாங்க, என்னைக் கூட்டியாந்ததே இவிங்கதானுங்க என்றார், சொந்தப் பிள்ளையைச் சொல்கிற மாதிரி. ஆளுக்கு ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ஆளுக்கு இரண்டு தையல் போட்டார்கள். முடிவு வர ஒன்பது நாளாகும். அதுவரை இந்த நோட்டை மூடி வைக்கிறேன், முடிவு தெரியாமல் அனுப்பினால் நீ அங்கே டியூட்டி பார்க்கமாட்டாய்.

திங்கட்கிழமை. தையல் பிரித்தாயிற்று, முடிவும் வந்தாயிற்று. போனிலேயே சொல்லலாம், ஆனால் பாதியில் நீ அழுவாய், நான் அழுவேன், விஷயம் அங்கேயே நின்றுவிடும். என்னுடையது புற்றுநோய் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இப்படியே போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் அங்கேதான் போய் நின்றிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார், விட்டுவிட வேண்டும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும். விட்டுப் பதினேழு நாள் ஆகிறது. கை தானாகப் பைக்குள் போகிறது, கிராம்பு போட்டுக்கொள்கிறேன், எரிச்சல் எல்லாம் உன் அத்தா தலையில் விடிகிறது, நோட்டில் எழுதிக் காட்டச் சொன்னவர் இப்போது கடையிலிருந்து லேட்டாக வருகிறார். மாரக்காளுக்கு ஆரம்பித்துவிட்டது ஹஃப்சா. சின்னதாகத்தான் இருக்கிறது, சேலத்தில் ஆபரேஷன் செய்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், பயமில்லை என்கிறார்கள். ஆனால் நான் முதல் சீட்டு எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. அப்போதே போயிருந்தால் அவரும் இரண்டு தையலோடு வந்திருப்பார். நான் சொன்னதை அவர் கேட்காமல் இல்லை, சொன்ன வாயையும் சேர்த்துப் பார்த்தார், அவ்வளவுதான். இதை அவரிடமே சொன்னேன். அட விடுங்க சாமி, சீட்டு ஆரு வேண்ணாலும் எழுதுவாங்க, நீங்க கூட வந்தீங்கள்ள என்றார்.

நம் சண்டைக்கு வருகிறேன். நர்ஸ் என்றால் ஔலியாவாக, மகானாக இருக்க வேண்டும் என்று நான் இப்போதும் சொல்லவில்லை. எங்கள் டாக்டர் அன்பரசுவைப் பார், நாலு மெதுவடையை உள்ளே தள்ளிவிட்டுத்தான் ஓபியில் உட்காருவார், சட்டைப் பட்டன் திணறும், ஆனால் நோயாளியிடம் எனக்கும் சுகர் இருக்கிறதய்யா, நானும் திண்டாடுகிறேன், வாங்க சேர்ந்து குறைப்போம் என்று சொல்வார், அவர் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள். நான் ஒளித்தேன், அதுதான் குற்றம். நீ அங்கே என்ன தின்கிறாய் என்று உன் நோயாளிகளுக்குத் தெரியாது, அது உண்மைதான். உனக்குத் தெரியுமே. போயிலை வாசம் இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன் பார்.

வியாழக்கிழமை ஆபரேஷன், லீவு போட்டுவிட்டு நான்தான் கூடப் போகிறேன், துஆ செய். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும், மழையில் நனையாதே, காலில் சாக்ஸ் போடு. தைராய்டு மாத்திரையைப் பற்றி நான் இனி உபதேசம் செய்யமாட்டேன், அந்த யோக்கியதை எனக்கு இல்லை. உன் அத்தா இந்தப் பக்கங்களை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவார், படித்துவிட்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீடியோவில் வா, வரும்போது அந்த மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு வா. முதலில் நான் வாயைத் திறந்து காட்டுகிறேன்.

துஆவுடன்,
உன் அம்மா
ஷாஜாதி