நூற்றுப் பதினேழு படிகள்

அக்கா,

உன் டப்பா என் கைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. சிவப்புப் பல்பொடி அடைத்து விற்ற தகர டப்பா. மூடியைத் திறந்தால் முதலில் கிராம்பு மணக்கிறது, அப்புறம்தான் குங்குமம். இத்தனை வருஷம் உள்ளே குங்குமம் இருந்தும் பல்பொடி தன் வாசனையை விட்டுக்கொடுக்கவில்லை. வைத்திருந்தவள் பிடிவாதம் டப்பாவுக்கும் வந்துவிட்டது போல.

இது பாலாற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்போடு நான் விட்டுவிட்டு வந்த தமிழ். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. நீ இருந்தவரை வாய் போதுமானதாக இருந்தது. இப்போது பேச ஆள் இல்லை, வாயும் ஓய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர்கூட முந்தாநாள், "உடம்புக்கு என்ன? காலையிலருந்து என்னைத் திட்டவே இல்லையே" என்று கேட்டார். திட்டுவதற்கும் தெம்பு வேண்டாமா?

நான்கு வயது மூத்தவளை நான் "நீ" என்று எழுதுவதைப் பார்த்து யாராவது முகம் சுளிக்கலாம். மைசூருக்கு வந்த புதிதில் "நீங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். "யாரடி அது? எனக்குப் பின்னாடி யாராச்சும் நிக்கறாங்களா?" என்று திரும்பிப் பார்த்தாய். அன்றோடு விட்டேன்.

நாம் கூடப் பிறந்தவர்கள் இல்லை; ஒரே வரிசை வீடு, நடுவில் ஒரு சுவர். அக்ரஹாரத்துக் கிடங்கிலிருந்து மூங்கில் குச்சியும் கரிமாவும் வாங்கி வந்து, பலகை போட்டு எதிரெதிரே உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவோம். ஊரெல்லாம் சாமிக்கு நாம் உருட்டிய பத்தி மணக்கும். நம் இரண்டு பேர் விரல் மட்டும் எப்போதும் கரி. "செத்து மேல போனா, இந்தக் கையைப் பாத்து எமனே அடுப்படிக்கு அனுப்பிருவான்" என்று நான் சொல்வேன். நீ சிரிக்க மாட்டாய். தோள் மட்டும் குலுங்கும்.

உன் வீட்டுக்காரர் நெஞ்சில் நீர் கட்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் நீ வேண்டிக்கொண்டாய். அந்த வார்டின் சன்னலிலிருந்து மலை தெரியும். "இவரு நடந்தே வீட்டுக்கு வரட்டும், தாயே. உன்ற ஆயிரம் படிக்கும் மஞ்சள் குங்குமம் வெக்கறேன்." இந்த ஊர்ப் பெண்கள் ஆஷாட மாத வெள்ளிக்கிழமைகளில் செய்கிற நேர்த்திக்கடன் அது. அடிவாரத்திலிருந்து குனிந்து குனிந்து, படிக்கு ஒரு பொட்டு மஞ்சள், அதன்மேல் ஒரு பொட்டு குங்குமம். உச்சியில், எருமை அசுரனைக் கொன்ற சாமுண்டி. அந்த அசுரன் பெயரில்தான் இந்த ஊரே இருக்கிறது. கொன்றவளுக்குக் கோயில், செத்தவனுக்கு ஊர். ஆம்பளைக்கு எங்கே போனாலும் ஒரு பங்கு உண்டு என்று நான் சொன்னதற்கு கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னாய்.

அவர் நடந்தே வந்தார். இரண்டு வருஷம் இருந்தார். முதல் ஆஷாடத்தில் மழை என்றாய். இரண்டாவதில், தசராவுக்குப் பத்தி வேலை குவிந்து கிடக்கிறது என்றாய். மூன்றாவது வருவதற்குள் அவர் போய்விட்டார்.

"ரெண்டு வருசம் அம்மன் பொறுத்துப் பாத்தாடி. நான்தான் போகல" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

"அம்மன் என்ன நம்ம மேஸ்திரியா, நாள் தள்ளிப்போச்சுன்னு ஆளை நிறுத்தறதுக்கு?" என்று நான் கேட்டேன். அது உனக்கு ஏறவில்லை. கொள்ளேகாலத்தில் கட்டிக்கொடுத்திருந்த உன் மகள் செல்விக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனதும் உனக்கு முடிவே ஆகிவிட்டது. வேண்டுதலை முடிக்காத பாவம் மகள் வயிற்றில் வந்து நிற்கிறது. மூன்றாவது தடவை அவளுக்கு ஐந்து மாதம் ஆனபோது, "இந்த ஆஷாடம் தப்பக் கூடாது. ஒத்தப் படி விடக் கூடாது. நீ கூட வா" என்று வந்து நின்றாய்.

அப்போதும் நான் சும்மா இருந்தேனா? ஆஷாடம் கன்னடக்காரர் கணக்கு, நமக்கு ஆடி, அம்மன் எந்தக் கணக்கில் வரவு வைப்பாள் என்று கிளறிவிட்டேன். அதற்காகவே நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லி, ஆடியும் பிறந்து ஆஷாடமும் முடியாத ஒரு வெள்ளியைப் பிடித்தாய். இந்தப் பல்பொடி டப்பா நிறையக் குங்குமத்தோடு நீ புறப்பட்டபோது, "என்னக்கா, சாமுண்டிக்குப் பல்லு வெளக்கி விடப்போறயா?" என்றேன். அன்றைக்கு மட்டும் தோள் குலுங்கவில்லை.

எல்லாரும் படியின் நடுவில் வைத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் அதை மிதித்துக்கொண்டே ஏறியது. மிதிபடக் கூடாது என்று நீ இடது ஓரத்தில், சுவரை ஒட்டி வைத்தாய். முப்பது படி ஏறியிருப்போம். பக்கத்தில் வந்த ஓர் அம்மாள் உன் வெறும் நெற்றியைப் பார்த்தாள். "ஏனம்மா, நீவு இடபாரது. முத்தைதேரு இடபேகு" என்றாள். சுமங்கலிதான் வைக்க வேண்டும், நீ வைக்கக் கூடாது. அவள் அதட்டவில்லை; அடுப்பில் பால் பொங்குகிறது பார் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ டப்பாவை என் கையில் வைத்துவிட்டாய். உன் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அவங்க சொல்றது செரிதானே. எனக்குத் தோணவே இல்ல பாரு. நீ வெய்யி. நான் அம்மன் பேரு சொல்லிட்டு வாரேன்" என்றாய்.

ஆக வேண்டுதல் உன்னுடையது, குனிகிற முதுகு என்னுடையது. வழியில் இருக்கும் பெரிய கல் நந்தி வரைக்கும், அந்த எழுநூறு படிக்கும், நான் ஒன்றுகூட விடவில்லை அக்கா. அதை நீ நம்ப வேண்டும். நந்தியைத் தாண்டியதும் உனக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, மெதுவாக முன்னால் போகிறேன் என்று போனாய். எனக்கோ முதுகு இரண்டாகப் பிளந்தது. முந்தின நாள் முழுக்கப் பத்தி உருட்டிய முதுகு. தூறல் வேறு. நீ திருப்பத்தில் மறைந்ததும் ஒரு படியை விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. கல் கல்லாகவே இருந்தது. அப்புறம் இரண்டுக்கு ஒன்று, சில இடத்தில் மூன்றுக்கு ஒன்று.

உச்சியில் நின்றுகொண்டிருந்தாய். "எல்லாப் படிக்கும் வச்சியாடி?"

"வச்சேன், வச்சேன். வேணும்னா அம்மன்கிட்ட கைநாட்டு வாங்கியாறட்டுமா?"

நீ சிரித்தாய். ஆறு வருஷமாக நான் நினைத்து நினைத்துப் பார்ப்பது அந்தச் சிரிப்பைத்தான். டப்பாவை உன்னிடம் கொடுத்தேன். இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே அதில் மிச்சம் இருந்தது. மூடியை மூடிக் கொடுத்ததால் தெரியாது என்று நினைத்தேன். கனம் தெரியாதா உனக்கு? ஊதுபத்திக் கட்டைக் கையில் தூக்கியே எத்தனை குச்சி குறைகிறது என்று சொல்பவள்.

தரிசனம் முடிந்து இறங்கும்போது, "முட்டி புடிச்சுக்கிச்சு. நீ முன்னாடி போ, நந்திகிட்ட இரு" என்றாய். நான் போய் நந்தி நிழலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றேன், கடலை தின்றேன், நந்திக் கழுத்து மணியை எண்ணினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்தாய். "என்னக்கா, படியிலேயே குடித்தனம் வச்சிட்டயா?" என்றேன். உன் மோதிர விரல் சிவந்திருந்தது. கேட்டதற்குப் பிரசாதம் என்றாய்.

கார்த்திகையில் செல்விக்குக் குழந்தை பிறந்தது. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்து, என் கன்னம் இரண்டையும் கரிக்கையால் பிடித்துக்கொண்டு, "உன்ற முதுகுக்குப் புண்ணியமாப் போகும்டி" என்றாய். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை முறை வாய் வரை வந்தது தெரியுமா? வாயில் கேலி வந்து முன்னால் நின்றுகொள்ளும். எனக்கு அது ஒரு வியாதி.

அதற்கப்புறம் ஒவ்வோர் ஆஷாடமும் உன்னை மலைக்குக் கூப்பிட்டேன். விட்ட படிகளை உனக்குத் தெரியாமல் நடுவில் வைத்துவிடலாம் என்ற கள்ளக் கணக்குத்தான். நீ வரவே இல்லை. முட்டி என்றாய், மூச்சு என்றாய். "அம்மனுக்கும் உனக்கும் சண்டையா? வேலை முடிஞ்சதும் திரும்பிப் பாக்க மாட்டேங்கறயே, நீ நல்ல காரியக்காரி!" என்று வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாரும் கேட்கச் சொல்லிச் சிரித்தேன். நீ தலையைக் குனிந்து பத்தியை உருட்டினாய்.

இந்தப் பங்குனியில் அந்த மூச்சே உன்னைக் கொண்டுபோனது.

ஒன்பது நாளுக்கு முன் செல்வி வந்தாள், உன் சாமான்களை எடுத்துப்போக. பையனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்கிறான், உன் மூக்கு அப்படியே. டப்பாவை என்னிடம் நீட்டி, "இதை உங்ககிட்டக் குடுக்கச் சொல்லிச்சு அம்மா" என்றாள். துக்கத்திலும் என் வாய் சும்மா இருக்குமா?

"எனக்கு எதுக்குடி இது? வருசா வருசம் மலைக்குக் கூப்பிட்டேன். உங்கம்மா ஒரு தடவையாச்சும் வந்தாளா?"

செல்வி பையனை வாசலுக்கு விளையாட அனுப்பினாள். அப்புறம் சொன்னாள். "சொல்ல வேண்டாம்னுதான் அம்மா சொல்லிச்சு, சித்தி. நீங்க அன்னிக்கு விட்ட படியெல்லாம் எறங்கும்போது அம்மாவே வச்சுதாம். நூத்திப் பதினேழு."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது அக்கா. ஒரு நாற்பது ஐம்பது இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"என்னை ஏண்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா அவ சிரிச்சு மழுப்புவா, அப்புறம் வீட்டுல போய் அழுவா, அவ முதுகு என்ன பாடு பட்டுச்சோன்னு சொல்லுச்சு. ஆனா சித்தி, வெக்கக் கூடாத கையில வச்சுட்டேன்னு அதுக்கு மனசுல இருந்துட்டே இருந்துச்சு. எனக்காக வச்சுருச்சு. ஆனா மறுக்கா அம்மன் முன்னாடி போய் நிக்க முகம் இல்லைன்னு சொல்லிருச்சு. அதான் மலைக்கே போகல."

அவள் போன பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஓர் அம்மாளின் ஒரு சொல்லுக்கு டப்பாவைக் கைமாற்றியவள் நீ. சரி என்று நம்பித்தான் மாற்றினாய். அந்த நம்பிக்கையோடேதான் திரும்ப அந்தக் குங்குமத்தைத் தொட்டிருக்கிறாய், படிக்குப் படி பாவம் என்று நினைத்துக்கொண்டே. நான் கீழே வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தேன்.

வைக்கக் கூடாது என்று யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. நான் படித்தவள் இல்லை. புருஷனை நஞ்சன்கூட்டில் விட்டுவிட்டு மலைமேல் தனியாக நிற்பவள் சாமுண்டி என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். அப்படிப்பட்டவள் உன் விரலையா பார்த்திருப்பாள்? இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆறு வருஷத்தில் ஒரு நாள் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், நீயும் சொல்லியிருப்பாய், இதையும் பேசியிருப்போம்.

நேற்று ஆஷாட வெள்ளி. பஸ்ஸிலேயே உச்சிக்குப் போனேன், ஏற முடியவில்லை. வரிசையில் மூன்று மணி நேரம். சொல்ல வேண்டியதை நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். "அவ வச்சது என்னாலதான், தாயே. கோவம் இருந்தா என்மேல..." அதற்குள் "நடீரி, நடீரி" என்று தள்ளிவிட்டார்கள். பாதிதான் சொன்னேன். மீதியை அவளே ஊகித்துக்கொள்வாள்.

அப்புறம் படியில் இறங்கினேன், நீ இறங்கிய வழியில். ஏறும்போது இடது ஓரம், இறங்கும்போது வலது. எந்த நூற்றுப் பதினேழு என்று எனக்குத் தெரியாது. அதனால் நந்தி வரைக்கும் எல்லாவற்றுக்கும் வைத்தேன். இறங்கிக்கொண்டே குனிவது ஏறிக்கொண்டே குனிவதைவிடக் கொடுமை அக்கா. தலை முன்னால் இழுக்கிறது. மூச்சுக்காரி நீ எப்படித்தான் செய்தாயோ. இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஓர் இடத்தில் எண்ணிக்கை தவறி, ஐந்து படி திரும்ப ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாமி பெயரைச் சொல்லித்தான் வைக்க வேண்டும். எனக்கு வாயில் அது வரவில்லை. ஒவ்வொரு படிக்கும் அன்று உச்சியில் நீ கேட்ட கேள்விதான் வந்தது, அதே குரலில், மூச்சு வாங்கிக்கொண்டே. மஞ்சள் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கேலி இல்லாமல் பதில் சொன்னேன்.

வச்சேன்க்கா.