ஒன்பது பத்திலிருந்து ஒன்பது நாற்பத்தைந்து வரை

இன்றைக்குக் காலையில் என் வீட்டு விறாந்தைச் சுவரிலிருந்து இன்வேட்டரைக் கழற்றினார்கள். கூரைத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற அந்தப் பெட்டி போன மாதத்தோடு செத்துப் போய்விட்டது. வத்தேகமவிலிருந்து வந்த டெக்னீஷியன் நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து ஆணியில் தொங்கிய பென்சிலைப் பார்த்து, "இது என்னாங்க, கழட்டிறவா?" என்று கேட்டார். கை வைக்க வேண்டாம் என்று நான் போட்ட சத்தத்தில் என் மனைவி குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

நீர் கட்டிய பென்சில் அது. சணல் நூலில் இரண்டு முடிச்சு. எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நான் சாட்டுச் சொல்லக் கூடாது என்பதற்காகக் கிரகணத்துக்கு முதல் நாள் பஸ் ஏறி அக்குறணைக்கு வந்து கட்டிவிட்டுப் போனீர். அந்தப் பென்சிலால்தான் நான் உமக்கு எட்டுப் பொய் எழுதித் தந்தேன். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு உம்மேல் வந்திருக்கிற கோபத்தை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கண்டியில் அந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் உமது மேசையும் என் மேசையும் ஒட்டிக்கொண்டிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலில் வந்து இங்கேயே மலைச் சரிவில் வீடு கட்டிக்கொண்டவர் நீர். நான் தினமும் மாத்தளை வீதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போனவன். இந்த 'நீர்' கூட உம்மிடமிருந்து தொற்றியதுதான். எங்கள் ஊரில் ஒருவரை இப்படிக் கூப்பிட்டால் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். இன்றைக்கு அது சரியாகத்தான் இருக்கிறது.

கட்டட வேலைகளின் அளவுப் புத்தகம் கையெழுத்துக்கு உம்மிடம் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பீர். "நிண்டு பாத்தனீரோ?" சுவரின் நீளம், குழாயின் ஆழம், எதுவானாலும் அளந்தவன் அந்த இடத்தில் நின்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் பேனை மூடியே திறக்காது. உம்மிடம் மாட்டிக்கொண்டு திரும்பவும் மழையில் கட்டுகஸ்தோட்டைக்குப் போன, அளவெடுக்கிற ஓவசியர்மார் எத்தனை பேர். அவர்கள் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

ஓய்வுபெற்ற பிறகு இரண்டு பேரும் ஒரே மாதத்தில் கூரையில் தகடு போட்டோம். ஒரே அளவு, ஒரே பெட்டி, எல்லாம் உமது தெரிவு. என் வீட்டுப் பெட்டியின் அடியில் விரல் நீளத்தில் எதையோ செருகி, வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, உமது போனில் அரை மணித்தியாலம் தட்டிக்கொண்டிருந்தீர். என்ன அது என்று கேட்டேன். பெட்டி சுகமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள என்றீர். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். நான் விட்டதுதான் பிழை.

பிறகு அந்தக் கிரகணம் வந்தது, டிசம்பரில், நத்தாருக்கு அடுத்த நாள் காலையில். உமது ஊர்ப் பக்கத்தில் சூரியன் முழு வளையமாகத் தெரியும் என்று பேப்பரெல்லாம் எழுதியது. உமது தம்பி வரச் சொல்லித் தினமும் போனில் கோல் எடுத்தார். நீர் போகவில்லை. கண்டியில் சூரியனின் பெரும்பகுதி மறையும், வடக்கே போகப் போக இன்னும் கொஞ்சம் கூட மறையும், அந்தக் கொஞ்சம் உம் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையிலுள்ள ஆறு கட்டைத் தூரத்தில் மின்சாரத்திலே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றீர். பத்துக் கிலோமீற்றரில் என்ன மண்ணாங்கட்டி தெரியப் போகிறது என்று நான் சிரித்தேன். "பாப்பம்" என்றீர். அந்தப் 'பாப்பம்' என்பதை எடுத்துவிட்டால் உம்மிடம் பாதிப் பேச்சு மிஞ்சாது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, எத்தனை வற்று மின்சாரம் என்று பெட்டியின் திரையில் வருகிற எண்ணை எழுத வேண்டும். எட்டு மணி தொடக்கம் பதினொன்றரை வரை. நீர் உம் வீட்டில், நான் என் வீட்டில். பென்சில் கட்ட வந்த அன்று, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, எங்கள் பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை இருக்குமே, எப்படிச் சமாளிப்பீர் என்று நீர்தான் கேட்டீர். வேண்டுமானால் நடுவில் ஒரு இடைவெளி விடுவோம், எழுதாத இடத்தில் ஒரு கோடு போட்டால் போதும் என்றும் சொன்னீர். எனக்கு ரோசம் வந்துவிட்டது. பெட்டியை விட்டு அசையமாட்டேன், நீர் உம்முடைய வேலையைப் பாரும் என்றேன். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

காலை எட்டுக்குக் கோல் எடுத்து மணிக்கூட்டைச் சரிபார்த்தீர். கிரகணம் விடும்வரை உம் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட்டிருக்கிறது, வயிறு கத்துகிறது என்று சிரித்தீர். ஒன்பது ஐந்துவரை நான் ஒழுங்காகத்தான் எழுதினேன். ஏற வேண்டிய நேரத்தில் எண் இறங்கிக்கொண்டு வந்தது. அந்த நேரம்தான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகைக்குக் கூப்பிட்டார்கள். முற்றத்தில் வெயில் அலுமினியச் சட்டி மாதிரி மங்கி, பலா மரத்தடியில் வெளிச்சப் பொட்டெல்லாம் பிறை பிறையாக விழுந்துகிடந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. பயம் என்றால் பயம்தான். படைத்தவன் முன்னால் போய் நில் என்று சொன்ன நேரத்தில் ஒரு பெட்டிக்கு முன்னால் பென்சிலோடு நிற்பதா? இரண்டு ரக்அத்தில் ஓடி வந்துவிடலாம் என்று நினைத்துப் போனேன். அந்தத் தொழுகை எவ்வளவு நீளம் என்பது எனக்கு மறந்து போயிருந்தது. தொழுவித்த ஹஸ்ரத் ஓதினார், ஓதினார், ஓதிக்கொண்டே இருந்தார். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது ஒன்பது ஐம்பது.

எட்டு எண்கள் இல்லை. உச்சமே போய்விட்டது. கோடு போட்டிருக்கலாம். நீரே சொல்லித் தந்த கோடு. ஆனால் வளையத்தை விட்டுவிட்டு, தம்பியோடு மனத்தாபப்பட்டு, வெறும் வயிற்றோடு நிற்கிற மனிசனுக்கு இதையா கொடுப்பது? சும்மா இறக்கி ஏற்றி எட்டு எண்ணை எழுதினேன். ஆகக் குறைந்தது எண்ணூறு வற்று என்று போட்டேன். வெளியே அவ்வளவு இருட்டாக இல்லையே, பாதிதானே குறைந்திருக்கும் என்பது என் கணக்கு. பார்த்துக்கொண்டு நின்ற என் மனைவி, "பள்ளிக்குப் போனெண்டு சென்னா முடிஞ்சிதானே?" என்றாள். சும்மா இரு என்றேன்.

அடுத்த நாள் காலையிலேயே வந்தீர். தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒரு முறை வாசித்தீர். உம் வீட்டில் உச்ச நேரத்தில் இருநூறு கூட இல்லை என்றீர். கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கலுக்குப் பழகிவிடும், அதனால் நமக்கு வெளிச்சம் போதும்போல இருக்கும், தகடுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, மறைந்த அளவுக்கு அது குறைத்துத்தான் தரும் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர். இப்போது கேட்பீர், இப்போது கேட்பீர் என்று நின்றேன். நீர் கேட்கவில்லை. தேத்தண்ணீருக்குச் சீனி காணாது என்று மட்டும் சொன்னீர்.

ஒரு மாதம் கழித்து உம் வீட்டு முன்னறையில் அந்த வரைபடம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. கண்டிக்கு ஒரு சிவப்புக் கோடு, அழகாகப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. கீழே பச்சை மையில் 'அக்குறணை' என்று பெயர் இருந்தது, கோட்டைக் காணவில்லை. உமது மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள் கதிரையில் இருக்க, அவர்கள் முன்னாலேயே நான் குதித்தேன். என் ஊர்ப் பெயரை எழுதிவிட்டுக் கோட்டைப் போடாமல் விடுவது என்ன மரியாதை என்று கேட்டேன். பொய்க் கணக்குக் கொடுத்தவன் நான், அதை ஏன் போடவில்லை என்று சண்டை பிடித்தவனும் நான். யாரிடம் சொல்லிச் சிரிப்பது இதை? "உம்மட கணக்கு இன்னும் வரேல்லை, ஐசே" என்றீர். தந்தேனே என்றேன். "தந்தனீர்தான்" என்றீர். மூன்று மாதம் உம் வீட்டுப் படி ஏறாமல் இருந்தேன்.

பிறகு ஒன்றும் நடக்காததுபோலப் பேசிக்கொண்டோம். ஆனாலும் நீர் விடவில்லை. அன்றைக்கு மேகம் ஏதும் வந்ததா என்பீர். கரண்ட் போனதா என்பீர். யாராவது விருந்தாளிகள் வந்து நடுவில் எழும்ப வேண்டி வந்ததா என்பீர். இந்த மனிசன் சாகும்வரை இதையே அரைக்கப் போகிறான் என்று என் மனைவியிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். அப்படியே நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், குரல் பாதி போன நிலையில், என் கையைப் பிடித்துக்கொண்டு நீர் கேட்டது என்ன? "கிரகணத்தண்டு உங்கட பள்ளியில தொழுகை எத்தினை மணிக்கு?"

நான் சொன்ன பதில் இப்போதும் காதில் கேட்கிறது. இந்த நேரத்தில் இதுவா முக்கியம், பேசாமல் படும் என்று அதட்டினேன். நீர் சிரித்தீர், கையை விட்டீர். நான்கு நாளில் நீர் போய்விட்டீர்.

இன்றைக்கு அந்த டெக்னீஷியன் புதுப் பெட்டியை என் போனோடு இணைக்கப் பார்த்தார். இணையவில்லை. பழைய கணக்கு வேறு நம்பரில் திறந்திருக்கிறது என்றார். நம்பரைச் சொன்னார். உமது நம்பர். "அஞ்சு நிமிசத்துக்கு ஒருவாட்டி பொட்டி தானாவே எழுதியிருக்குங்க. அன்னன்னிக்கு உள்ளது அன்னன்னிக்கே அவங்க போனுக்குப் போயிருக்கும்." கிரகண நாளை எடுக்க முடியுமா என்று கேட்டேன். உமது மகளிடம் பேசி, அவளிடமிருக்கிற உமது போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தை வாங்கி, பத்து நிமிடத்தில் எடுத்துக் காட்டினார். ஒன்பது பத்து, ஒன்பது பதினைந்து, வரிசையாக எட்டும் இருந்தன. ஒன்பது முப்பத்தைந்துக்கு நூற்று எழுபது. நான் எழுதியது எண்ணூறு.

அன்றைக்கு இரவே உமக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அடுத்த நாள் காலையில் வந்து சீனி காணாத தேத்தண்ணீரைக் குடித்தீர். அப்படியானால் அந்த நூற்று எழுபதை எடுத்துப் பச்சைக் கோட்டைப் போட்டிருக்கலாமே? உமக்குத்தான் அது பொருந்தாது. பெட்டி எழுதினது உமக்குச் சாட்சி இல்லை, மனிசன் சொல்ல வேண்டும். சரி, அப்படியானால் மேகத்தைக் கேட்டீர், கரண்டைக் கேட்டீர், விருந்தாளியைக் கேட்டீர், கடைசியில் தொழுகை நேரத்தைக் கூடக் கேட்டீர். அந்த ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் ஏன் கேட்கவில்லை? கண்டியிலுள்ள அத்தனை ஓவசியர்மாரிடமும் கேட்டீரே. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருப்பேன். அல்லது உம் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். இரண்டாவதற்குப் பயந்துதான் கேட்காமல் விட்டீர் போலிருக்கிறது. எனக்காக இத்தனை சாட்டுகளைத் தேடித் தந்த மனிசனை நான் அரைக்கிற மெஷின் என்று திட்டியிருக்கிறேன். எரிச்சலாக இருக்கிறது. உம்மேலா என்மேலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

பின்னேரம் உம் வீட்டுக்குப் போனேன். உமது மகள் சட்டத்தைக் கழற்றித் தந்தாள். பின்பக்கத்தில் என் தாள் மடித்தபடியே இருந்தது. நீர் அதில் ஒரு எண்ணையும் வெட்டவில்லை, திருத்தவில்லை. அந்த எட்டு எண்களுக்கு எதிரே, ஓரத்தில், பென்சிலால் நீர் இழுத்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது, அளவுப் புத்தகத்தில் அளந்தவன் கையெழுத்துக்கு விடுகிற மாதிரி.

ஆணியிலிருந்த பென்சிலை அறுத்துக் கொண்டுபோயிருந்தேன். முனை மழுங்கியிருந்தது, ஆனாலும் எழுதியது. எட்டு எண்களையும் வெட்டினேன். கட்டத்துக்குள் இன்றைய திகதியைப் போட்டு, நீர் கேட்காத கேள்விக்குப் பதிலை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

நின்று பார்க்கவில்லை.