சங்கு ஊதினால் எந்தப் பக்கம்

ஜூன் 17, செவ்வாய்

விடியக்காலையிலிருந்து மழை. மஹய்யாவ வீட்டுத் தகரக் கூரையில் இருந்த ஓட்டை போதாதென்று புதிதாக இன்னொன்று. ஜோ எழுந்து பார்த்தார், வாளியை வைத்தார், மறுபடி படுத்துக்கொண்டார். "நீதானே வெள்ளத்துக்கு ஒபிசர், நீயே பாத்துக்க." பள்ளியில் கணக்குப் படிப்பிக்கும் கணவருக்கு வீட்டில் இருக்கும் வாய் வகுப்பில் இருக்குமோ தெரியாது.

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம். ஐந்து காரியாலயங்கள், ஒரு மேசை. அணை, ஆறு அளப்பவர்கள், பொலிஸ், மின்சாரம், பிறகு நாங்கள். நாங்கள் என்றால் வெள்ளம், மண்சரிவு பார்க்கிற அனர்த்தப் பிரிவு. அனர்த்தப் பிரிவு என்றால் நானும் ஒரு கிழட்டுக் கணினியும்.

விஷயம் இது. கலஹாவுக்கு மேலே உள்ள சின்ன அணை நிரம்பிக்கொண்டு வருகிறது. அடுத்த வாரம் கதவு திறக்க வேண்டி வரலாம். திறந்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் தோட்டத்தின் கீழ் லயத்துக்கு வந்துவிடும். லயம் என்றால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஆற்றங்கரையில் நாற்பது. அதற்குள் எல்லாரையும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வேண்டும்.

யார் யாருக்கு முதலில் போன் எடுப்பது என்பதிலேயே ஒரு மணி நேரம் போனது. அணைப் பொறியியலாளர் விஜேரத்ன சேர் (இனி வி. சேர்) மட்டும் ஒன்றில் பிடிவாதம்: கீழே ஒருவரும் இல்லை என்று லயத்தில் நிற்பவர் சொல்லாமல் கதவைத் தொடமாட்டாராம். லயத்தில் யார் நிற்பது? எல்லாரும் பிளேன்டீக் கோப்பைக்குள் பார்த்தார்கள். பிறகு, தமிழ் தெரிந்தவர் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அணையின் சைரன் லயத்துக்குக் கேட்காது. புதிதாக ஒன்று வைக்க வேண்டும், ஆனால் எங்கே? நான் சொன்னேன்: தேயிலைத் தொழிற்சாலைக் கூரையில். உயரம் இருக்கிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. மேசை முழுக்கத் தலையாட்டல். மின்சாரக்காரர் "சிறந்த யோசனை" என்றார். ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 18, புதன்

மழை விட்டு விட்டு. ஒத்திகை வெள்ளி காலை பத்துக்கு.

இன்றைய வேலை:
- தமிழ் அறிவித்தல், நாற்பது பிரதி (பிரிண்டர் 23ஆவது பிரதியில் படுத்துவிட்டது, மிச்சம் கையால்)
- லயத்தில் வீடு வீடாகச் சொல்வது
- ஜோவின் சப்பாத்து தைக்கக் கொடுப்பது (மறந்தாயிற்று)

ஆறு அளக்கும் பஸ்லி போன் எடுத்தார். அக்குறணைக்காரர், நல்ல மனிதர், எதையும் நிதானமாகத்தான் சொல்வார். "தண்ணி கூடிட்டேதான் ஈக்குது மிஸ். பயப்புடாதீங்க. ஆனா கூடிட்டே ஈக்குது." இதற்கு நான் பயப்பட வேண்டுமா, வேண்டாமா?

லயத்தில் எல்லா வாசலிலும் சொல்லியாயிற்று. சைரன் ஊதினால் பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்கள். எல்லாரும் "சரிங்க மிஸ்". மூன்று வீட்டில் தேத்தண்ணி. ஒரு வீட்டில் மரவள்ளிக் கிழங்கு. இறங்கி வரும்போது பெருமையாகவே இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பத்து மணிக்குச் சைரன். நான் பள்ளிக்கூட மைதானத்தில், கையில் பெயர்ப் பட்டியல். வி. சேர், பொலிஸ், பஸ்லி எல்லாரும் பக்கத்தில். கீழ் லயத்துச் சனம் நல்ல பிள்ளைகளாக ஏறத் தொடங்கியது. பாதி வழி வந்தார்கள்.

அப்போது மலை முழுக்க அசைந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் கூடையோடு கீழே இறங்கினார்கள். விறுவிறுவென்று. எங்களைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, நேரே ஆற்றங்கரைக்கு. நூறு பேருக்குக் குறையாது.

அதைப் பார்த்த லயத்துச் சனம் நின்றது, யோசித்தது, அவர்களோடு திரும்பி இறங்கியது.

வி. சேர் தனக்குத் தெரிந்த தமிழில்: "மிஸ், இவங்க ஏன் எல்லாம் கீழே போறது?"

எனக்கு எப்படித் தெரியும்? ஓடினேன். சறுக்கினேன். சேலையில் அரை ஏக்கர் சேறு. கீழே போய்ப் பார்த்தால், ஆற்றோரத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், மடுவத்தில், எல்லாரும் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்கள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தராசுக்குப் பின்னால் முழித்துக்கொண்டு. "நிறுங்க ஐயா, நனையுதுல்ல" என்று சத்தம். பாவம், அவரும் நிறுக்கத் தொடங்கிவிட்டார்.

உண்மையாக வெள்ளம் வந்திருந்தால், மேட்டில் பத்திரமாக நின்றவர்களையும் சேர்த்து ஆற்றுக்குள் இறக்கிவிட்டிருப்பேன்.

பின்னேரம் அறிக்கை தட்டினேன்: "தோட்ட மக்களின் ஒத்துழைப்பு போதியதாக இல்லை." வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அனுப்பவில்லை. ஏனென்று தெரியவில்லை.

ஜோவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஜூன் 21, சனி

லீவு நாள். ஆனாலும் கலஹா பஸ் ஏறினேன். தூறல்.

பார்வதியக்காவைப் பார்க்கத்தான். கொழுந்துப் பெண்களுக்குத் தலைவி, தொழிற்சங்கத்திலும் ஆள். கீழ் லயத்தில் கடைசி வீடு, பின் கதவைத் திறந்தால் ஆறு. நேற்று முதல் ஆளாக இறங்கியவர் அவர்தான். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தானே போனேன் என்று.

"நீங்க சைரன்னு சொன்னீங்க. ஊதினது எங்க சங்கு."

தொழிற்சாலைக் கூரையில் ஏற்கெனவே ஒரு சங்கு இருக்கிறதாம். அது ஊதினால் கொழுந்து நிறுக்கப் போக வேண்டும். அதே கூரை, அதே மாதிரிச் சத்தம்.

"நிறுக்கிறது பன்னெண்டு மணிக்குத்தானே? ஊதினது பத்துக்கு."

"மழ நாள்ல கொழுந்து நனையுறதுக்குள்ள நிறுக்கணும்ல மிஸ். மழ எறங்குச்சுன்னா சங்கு எந்நேரமும் ஊதும். எங்க அம்மா காலத்துலருந்து அப்படித்தான். இது கூடத் தெரியாமலா கூரையில ஏத்துனீங்க?"

அதாவது, வெள்ளம் வரக்கூடிய நாளில்தான், நேரங்கெட்ட நேரத்துச் சங்குக்கு ஆற்றங்கரைக்கு வா என்று அர்த்தம். ஐந்து காரியாலயங்களில் இது தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தோட்டத்திலிருந்து ஒருவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. யோசனை என்னுடையது, பிழையும் என்னுடையது. வெட்கமாக இருந்தது. சொன்னேன். அக்கா, "சரி விடுங்க, நேத்து நல்லாச் சிரிச்சோம்" என்றார்.

சைரனைக் கழற்றி வேறு சத்தம் வைக்கலாமா என்று கேட்டேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"புதுச் சத்தத்துக்கு ஆளு பழகுறதுக்குள்ள வெள்ளம் வந்துட்டுப் போயிரும். சங்கு ஊதினா நாங்க தராசு இருக்கிற எடத்துக்குத்தான் வருவோம். தராச மேல வைங்க."

மேலே என்றால் எங்கே என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல வைங்க மிஸ். நாங்க வந்தா லயத்து ஆளுங்களும் வந்துரும். நேத்து எங்க பின்னாடிதான எறங்குச்சுங்க."

வீட்டுக்கு வந்ததும் அந்த அறிக்கையை அழித்தேன். சரியானதை எழுதி ஐந்து பேருக்கும் அனுப்பினேன், பிழை யாருடையது என்பதோடு. பத்து நிமிடத்தில் வி. சேரின் பதில், ஒரே வரி: தராசை யார் தூக்குவது?

ஜூன் 23, திங்கள்

கடும் மழை. பஸ்லி: "இன்னக்கி கொஞ்சம் பயப்புடலாம் மிஸ்."

தராசு தூக்குவது இவ்வளவு பெரிய காரியமா? பெரிய கிளாக்கருக்குத் தோட்ட மனேஜர் துரையின் அனுமதி வேண்டும். துரைக்கு லொறி ஏறும் பாதை வேண்டும். பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. மண் அள்ளப் பிரதேச சபை மெஷின் வேண்டும். மெஷினுக்குக் கடிதம் வேண்டும். கடிதம் யாருடைய வேலை? என்னுடையது. பள்ளிக்கூடத்துக்கு அதிபரின், தலைமையாசிரியரின், சம்மதம். தராசு நனையாமல் மேலே கட்டப் படங்கு. காலை எட்டிலிருந்து போன். காது சுட்டுவிட்டது.

பெரிய கிளாக்கர் ஒரு கட்டத்தில்: "முப்பது வருசமா அங்கதான் நிறுக்கிறோம், மிஸ்."
"ஆறும் முப்பது வருசமா அங்கதான் இருக்கு, ஐயா."
முதலில் ஒரு செருமல். பிறகு சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் போல ஒருவரும் ஓடவில்லை.

நான்கு மணிக்குத் தராசு பள்ளிக்கூட விறாந்தையில். பொலிஸ் சார்ஜன் தானே ஏறி நின்று பார்த்தார். எத்தனை கிலோ என்று சொல்லமாட்டேன் என வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

சங்கு ஊதியது, பன்னிரண்டுக்கு. ஒத்திகை இல்லை, சாதாரண நிறுவைக்குத்தான். பெண்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். இருவர் மட்டும் பழக்கத்தில் மடுவத்துக்குப் போய், திட்டிக்கொண்டே ஏறி வந்தார்கள்.

அணை கிட்டத்தட்ட நிரம்பிவிட்டதாம். சோறு இறங்கவில்லை. ஜோ கூரை ஓட்டை இரண்டையும் அடைத்திருக்கிறார், கேட்காமலே.

ஜூன் 25, புதன்

காலையிலிருந்தே பள்ளிக்கூடத்தில் நின்றேன். பஸ்லியின் போன் பதினொன்றேகாலுக்கு. பயப்படலாமா வேண்டாமா என்று இன்று சொல்லவில்லை. அளவை மட்டும் சொன்னார். பதினொன்றரைக்கு வி. சேர்: "மிஸ், ஊதுங்க."

ஊதியது. மலை அசைந்தது. கூடைகள் எல்லாம் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பின. லயத்திலிருந்து சனம் ஏறியது. கைக்குழந்தைகள், கோழிகள், ஒரு டீவி, ஒரு மாதா சுரூபம்.

சார்ஜனும் நானும் கீழே. ஒவ்வொரு வீட்டையும் பார்த்துவிட்டு வாசலில் சோக்கட்டியால் கோடு. நாற்பது கோடு. ஓடி ஏறினோம். பெரிய கிளாக்கர் செக்ரோல் புத்தகத்தை எடுத்து, வேலைக்கு வந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். சாந்தி என்ற பிள்ளை இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை.

போன். வி. சேர். "மிஸ், பத்து நிமிஷம்தான் தாங்கும்."

மடுவத்துக்குப் போயிருப்பாளோ? சார்ஜன் திரும்ப இறங்கினார். பார்வதியக்கா பெண்களுக்குள் நுழைந்து ஒவ்வொருத்தியாக விசாரித்தார். நான் செபம் சொல்லத் தொடங்கினேன். "அருள் நிறைந்த மரியே" பாதியில் மறந்துபோனது, பிறந்ததிலிருந்து சொல்கிற செபம். கீழே இருந்து சார்ஜன் கையை விரித்துக் காட்டினார், மடுவத்தில் ஒருவரும் இல்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "சாந்தி பத்து மணிக்கே அரநாள் சொல்லிட்டுக் கிளினிக்கு போச்சுல்ல, கலஹாவுக்கு." அக்கா உடனே போன் போட்டார். சாந்தியே எடுத்தாள். ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரி நம்பர் கூப்பிடுகிற சத்தம்.

சார்ஜன் மூச்சிரைக்க ஏறி வந்ததும் வி. சேருக்கு எடுத்தேன்.

"கீழே ஒருவரும் இல்லை, சேர்."

"சரி, திறக்கிறேன்."

அரை மணி கூட ஆகவில்லை. முதலில் சத்தம், பிறகு தண்ணீர், தேத்தண்ணி நிறத்தில். மடுவத்தின் படி மறைந்தது. தளம் மறைந்தது. வெள்ளிக்கிழமை நூறு பேர் வரிசையில் நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் சுழன்றது. நான் விறாந்தையில் நின்றபடியே அழத் தொடங்கிவிட்டேன். பொலிஸ், பிரதேச சபை, அதிபர் எல்லார் முன்னாலும், ஓவென்று.

யாரோ தோளைத் தொட்டார்கள். பார்வதியக்கா, முதுகில் கூடையோடு.

"கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க மிஸ். தராச மறைக்கிறீங்க."